அட்டன் எவ்வளவு பெரிய ஊர்?

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அட்டன் நகரத்தின் சனத்தொகை என்ன என்று தேடினால் பதினைந்தாயிரத்தை ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில், அல்லது தீபாவளிக்கு முந்திய வாரத்தில், அந்த டவுனுக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு இந்த எண் ஒத்துவராது என்று உடனே தோன்றும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை என்று நாலாபக்கத்திலிருந்தும் வரும் பஸ்கள் காலையிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். புடவைக் கடை, நகைக்கடை, அடகு பிடிக்கும் இடம், மருந்துக்கடை, டியூசன் வகுப்பு, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் அந்த மக்களுக்கு இருக்கிற ஒரே டவுன் அட்டன்தான்.

அதற்காக அந்த எண் பிழை என்று சொல்லிவிட முடியாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கோட்டுக்குள் நிரந்தரமாக வசிக்கிறவர்களை எண்ணித்தான் அதைச் சொல்கிறது. கேள்வி அந்தக் கோட்டைப் பற்றியது. அதை யார், எப்போது, எதை மனதில் வைத்துப் போட்டார்கள்? மலையகத்தில் ஒரு ஊருக்கு எத்தனை கிராம சேவகர், எத்தனை குப்பை லொறி, சபையில் எத்தனை ஆசனம் என்பதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் புறப்படுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், அட்டன் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டன்கள் இருக்கின்றன. அட்டன்-டிக்கோயா நகர சபை என்பது ஒன்று. ரயில் நிலையத்தையும் கடைவீதியையும் சுற்றியுள்ள பகுதியோடு நோர்வூட் பக்கம் போகும் வீதியில் உள்ள டிக்கோயா பஜாரையும் சேர்த்த சிறிய நிலப்பரப்பு அது. பதினைந்தாயிரம் என்பது இந்தச் சபைக்கு உட்பட்டவர்களின் கணக்கு. அடுத்தது அட்டன் கல்வி வலயம். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் ஒன்று, நகர சபையைவிடப் பல மடங்கு பெரியது. பொலிஸ் பிரிவும் நீதிமன்ற எல்லையும் வேறு வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலே அம்பகமுவ பிரதேச செயலாளர் பிரிவு. 2012 தொகைமதிப்பின்போது அட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கினிகத்தேனை எல்லாம் இந்த ஒரே பிரிவுக்குள் இருந்தன. அதில் வாழ்ந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். ஆக, கோட்டுக்கு உள்ளே பதினைந்தாயிரம், அந்தக் கோட்டை நம்பி வாழ்கிறவர்கள் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

பிரதேச செயலகம் இருந்தது அட்டனில் அல்ல, கினிகத்தேனையில். இது சின்ன விசயமாகத் தெரியலாம். பின்னால் அதற்கு வருகிறேன்.

கோடு போட்ட காலம்

அட்டன் ஒரு கிராமம் வளர்ந்து நகரமான ஊர் அல்ல. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் காடு வெட்டிக் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. கோப்பி நோய் வந்து அழிந்ததும் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவும், அரிசியையும் ஆட்களையும் மேலே ஏற்றவும் ரயில் தேவைப்பட்டது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த பாதை, மலையைக் குடைந்து ஏறி 1884இல் அட்டனுக்கு வந்தது. மறுவருடம் நானுஓயா, அதன் பிறகு ஊவாப் பக்கம், கடைசியாக 1924இல் பதுளை. ஊரின் பெயரே ஸ்கொட்லாந்தின் அபர்டீன்சயரிலுள்ள ஹட்டனிலிருந்து வந்தது. 1888இல் இந்த ஊரில் தோட்டத்துரைமாரின் கொடுக்கல் வாங்கலுக்காகத் தொடங்கிய ஹட்டன் வங்கிதான் இன்று நாடெங்கும் கிளை விரித்திருக்கும் ஹட்டன் நெஷனல் வங்கியின் வேர். நகரத்தின் பருமனைத் தீர்மானித்தது அதற்குள் குடியிருந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, சுற்றியிருந்த தோட்டங்களின் தேவை. இது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பிரித்தானிய ஆட்சியில் இப்படிப்பட்ட பஜார்களைப் பராமரிக்க 1876இல் உள்ளூர்ச் சபைகளுக்கும் 1892இல் சிறு நகரங்களின் சுகாதாரத்துக்கும் சட்டங்கள் வந்தன. பிறகு 1939இன் நகர சபைக் கட்டளைச்சட்டம், 1946இன் பட்டின சபைக் கட்டளைச்சட்டம், 1947இன் மாநகர சபைக் கட்டளைச்சட்டம். இவை எல்லாமே கடைவீதிக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் எழுதப்பட்ட சட்டங்கள். கான் கழுவுவது, விளக்கு ஏற்றுவது, சந்தை நடத்துவது. கடைவீதி முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்கும். தோட்டம் என்பது அரசு எட்டிப் பார்க்காத தனி இராச்சியம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம், பேர் பதியும் செக்ரோல், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா, தோட்டத்து மருந்துச்சாலை, தோட்டப் பள்ளிக்கூடம் என்று பிறப்பிலிருந்து சாவு வரை எல்லாமே துரையின் ஆபீஸ் வழியாக நடந்தது. அதனால் நகர எல்லையைப் போட்டவர்கள் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைக் கோட்டுக்கு வெளியே விட்டதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் பார்வையில் அங்கே ‘ஊர்’ என்று ஒன்று இருக்கவில்லை.

நகரத்துக்குள் சேர்க்கப்படாதவர்கள் கிராமத்துக்குள்ளாவது சேர்க்கப்பட்டார்களா? அதுவும் இல்லை. 1930களின் பிற்பகுதியில் கிராம சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அந்தச் சபைத் தேர்தலில் வாக்கு இல்லாமல் செய்யப்பட்டது. நாடாளுமன்றத்தில் 1947இல் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். மறுவருடம் அவர்களின் குடியுரிமையைப் பறித்த பிரசாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்கைப் பறித்த வாக்காளர் பட்டியல் திருத்தம். 1952 தேர்தலில் அந்த மக்களிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

இங்கே சனத்தொகைக் கணக்கு எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பது தெரியும். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பின்படி ஒரு மாகாணத்துக்குரிய தொகுதிகள் 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்று கணக்கிடப்பட்டன. பேர் என்று எண்ணும்போது தோட்டத்து மக்களும் எண்ணப்பட்டார்கள், வாக்குச் சீட்டைக் கொடுக்கும்போது விலக்கப்பட்டார்கள். அவர்கள் தலைகளால் கூடிய ஆசனங்கள் மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் கிடைத்தன, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1953 தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் 9 இலட்சத்து 74 ஆயிரம் பேர். நாட்டு சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு. எண்ணப்படுவதும் கணக்கில் எடுக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதை மலையகம் அப்போதே அனுபவித்துவிட்டது.

அப்புறம் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் விதி பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டு 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. குடும்பங்கள் ரயிலேறின. எஞ்சியவர்களின் பிரசாவுரிமைச் சிக்கல் 1988, 2003 சட்டங்களோடுதான் தீர்ந்தது. உள்ளூராட்சியில் தோட்டத்து மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாக்களிப்பது இந்தக் காலத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

சட்டத்தில் கிராமம், கண்ணுக்கு நகரம்

1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் மலையக ஊர்களின் நிலையை இன்னொரு வகையில் மாற்றியது. முன்பு பட்டின சபைகளாக இருந்த நிலப்பரப்பு பிரதேச சபைகளுக்குள் கரைந்தது. புள்ளிவிபரத்தில் நகரம் என்றால் மாநகர சபை, நகர சபை எல்லைகள் மட்டுமே. பிரதேச சபைக்குள் இருப்பது கிராமம் அல்லது தோட்டம். 1971இல் நாட்டில் நூற்றுக்கு 22.4 பேர் நகரவாசிகள், 1981இல் 21.5. 2012 தொகைமதிப்பில் அது 18.2ஆகக் காட்டுகிறது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் இலங்கையர் நகரத்தைவிட்டு வயலுக்குத் திரும்பிவிடவில்லை. கணக்குப் போடும் விதி மாறியது, அவ்வளவுதான்.

இந்த விதிப்படி மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், கொட்டகலை, கினிகத்தேனை, இராகலை எதுவும் நகரம் அல்ல. மஸ்கெலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மஸ்கெலியா 1960களில் கட்டப்பட்ட மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது, கரையில் புதிய டவுன் கட்டப்பட்டது. வங்கி, வைத்தியசாலை, பஸ் நிலையம், வரிசையாகக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை இலட்சக்கணக்கில் அந்த வழியாக நல்லதண்ணிக்குப் போகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது நகரம் அல்ல. கொட்டகலையும் அப்படித்தான்.

நுவரெலியா மாவட்டத்தில் சட்டப்படி நகரம் என்று சொல்லக்கூடியவை மூன்றே மூன்று: நுவரெலியா மாநகர சபை, அட்டன்-டிக்கோயா நகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை. 2012இல் மாவட்டத்தின் சனத்தொகை 7,11,644. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தோட்டத்துறை என்ற தலைப்பின்கீழ் வருகிறவர்கள். இருபது ஏக்கருக்குக் குறையாத பயிர்ச்செய்கை, அதில் பத்துப் பேருக்குக் குறையாத வதியும் தொழிலாளர் இருந்தால் அது தோட்டம் என்று தொகைமதிப்பு வரையறுக்கிறது. அந்த லயத்திலிருந்து இன்று ஒருவர் கொழும்பில் கடையில் வேலை செய்யலாம், இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கலாம், கொழுந்து பறிக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் குடியிருப்பு தோட்டம்தான்.

அட்டன் டவுனை ஒட்டிய லயங்களில் இருப்பவர்கள் டவுனுக்கு நடந்தே வருகிறார்கள். பிள்ளைகள் டவுன் பாடசாலைக்கு வருகிறார்கள், சாமான் டவுனில்தான் வாங்குகிறார்கள். வேறெந்த மாவட்டத்திலும் இப்படிப்பட்ட குடியிருப்பைப் புறநகர் என்று சொல்லி, காலப்போக்கில் நகர எல்லையை விரித்துச் சேர்த்திருப்பார்கள். இங்கே எல்லை விரிவதில்லை. விரியாததற்குக் காரணம் நிலம். டவுனைச் சுற்றியுள்ள நிலம் அரசின் இரண்டு பெருந்தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமானது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையாக மாறியது. குத்தகை நிலத்தில் நகரம் வளர முடியாது. அதனால்தான் அட்டனில் குப்பை கொட்ட இடம் தேடுவதே பெரும் பிரச்சினையாகிறது. பதினைந்தாயிரம் பேருக்கென்று ஒதுக்கிய ஆளணியும் வாகனமும் சந்தை நாளில் வருகிற அத்தனை பேரும் போடுகிற குப்பையையும், யாத்திரைக் காலத்துக் குப்பையையும் அள்ள வேண்டியிருக்கிறது. அந்த மக்கள் அட்டனில் செலவழிக்கிறார்கள், ஆனால் சோலை வரி எனப்படும் வீட்டு வரி கட்டும் வீடு அவர்களுக்கு அட்டனில் இல்லை. நகர சபைக்கு அவர்களால் வரும் செலவு மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு அந்த மக்களைக் குறைசொல்வதில் அர்த்தமே இல்லை.

ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள்

இப்போது கினிகத்தேனைக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிதழ் பிரதி, அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு அத்தாட்சி, சமுர்த்தி நிவாரணம், இப்போதைய அஸ்வெசும நிவாரணம், முதியோர் கொடுப்பனவு, வியாபாரப் பதிவு என்று சாதாரண மனிதர் அரசோடு வைத்திருக்கிற தொடர்பில் பெரும்பகுதி பிரதேச செயலகத்தோடுதான். நாட்டில் அப்போது 331 பிரதேச செயலகங்கள். 2012 சனத்தொகையை அதால் வகுத்தால் ஒன்றுக்குச் சுமார் 61,000 பேர் வரும். நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து செயலகங்கள் இருந்தன. ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலை மூன்றும் தலைக்கு ஒரு இலட்சத்தை ஒட்டியவை. அம்பகமுவவும் நுவரெலியாவும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்தைத் தாண்டியவை. தோட்டத்து மக்கள் செறிந்து வாழ்வது இந்த இரண்டிலும்தான்.

அதற்குக் கீழே கிராம உத்தியோகத்தர், அதாவது கிராம சேவகர், பிரிவுக்கு இறங்கினால் இன்னும் மோசம். மாவட்டத்தின் 491 பிரிவுகளில் ஹங்குராங்கெத்தவுக்கு 131. அங்கே வாழ்பவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் குறைவு. இரண்டு இலட்சம் பேர் வாழும் அம்பகமுவவுக்கு 67. அதாவது ஹங்குராங்கெத்தவில் ஒரு கிராம சேவகர் எழுநூறு பேரைக்கூடப் பார்ப்பதில்லை, அம்பகமுவவில் ஒருவர் மூவாயிரம் பேருக்கு மேல் பார்க்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, மலையகத்தில் ஏன் ஆவணங்கள் தாமதமாகின்றன, ஏன் அடையாள அட்டை இல்லாமல் பலர் வயது முதிர்ந்தார்கள் என்பது பாதி விளங்கிவிடும். ஹங்குராங்கெத்த மக்களுக்கு அதிகம் கிடைத்துவிட்டது என்பது என் வாதம் அல்ல. அங்கே பழைய கண்டிய கிராமங்கள் இருந்தன, கிராமத்துக்கு ஒரு பிரிவு வந்தது. தோட்டங்கள் கிராமமாகக் கருதப்படாததால், பல தோட்டங்களைக் கூட்டி ஒரு பிரிவுக்குள் போட்டுவிட்டார்கள். ஆளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரித்திருந்தால் இப்படி வந்திருக்காது.

பொகவந்தலாவையின் மேல் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் கினிகத்தேனைக்குப் போக வேண்டுமென்றால், தோட்டத்து ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து அட்டனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்த மக்களுக்குத் தெரிந்த டவுனைத் தாண்டிப் போக வேண்டும். போன நாளில் உரிய அதிகாரி இல்லையென்றால் இன்னொரு முறை. போகிற ஒவ்வொரு நாளும் அன்றைய பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது தூரத்தின் பிரச்சினை மட்டுமல்ல, அடுப்பின் பிரச்சினை. போன இடத்தில் பேசுகிற மொழியும் சேர்ந்துகொள்ளும். நுவரெலியா மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். தமிழில் கடிதம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் அந்த விகிதத்தில் இல்லை என்பது அங்கே வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு விசயம் முகவரி. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அத்தோடு சரி. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கை மாறி வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தொகைமதிப்பில் ஒரு தலையாக எண்ணப்படும் ஒருவருக்குத் தபால் வாங்கவே ஒரு கதவு இல்லை என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

2018க்குப் பிறகு

1987 பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்தில் வசிப்பவர்களுக்கு ரோடு, கிணறு போன்ற பொதுவசதி செய்வதென்றால் பிரதேச சபை தோட்ட நிர்வாகத்தின் இணக்கத்தைப் பெற்றுத்தான் செய்ய முடியும் என்பது அதன் சாரம். சபைக்கு வாக்களித்த மக்களின் லயத்துக்கு முன்னால் கான் வெட்டச் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது. தெரிவான உறுப்பினர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2018இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய சபைகளுக்கு வழி திறக்கப்பட்டது. முப்பது வருடம் எடுத்தது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு நல்ல மாற்றம் சபைகளைப் பிரித்தது. மிகப் பெரிய இரண்டு பிரதேச சபைகளும் மூன்று மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரபத்தனையும் தனிச் சபைகளாயின. 2018 பெப்ரவரித் தேர்தல் இந்தப் புதிய எல்லைகளோடுதான் நடந்தது. தோட்டத்து மக்கள் தங்கள் ஊருக்குள்ளேயே ஒரு தவிசாளரைப் பார்க்க முடிந்தது சின்ன விசயம் அல்ல. இடையில் தேர்தல் தள்ளிப்போய்ச் சபைகள் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்தன. 2025 மே மாதம்தான் மறுபடி தேர்தல் நடந்தது.

பிரதேச செயலகங்களும் பிரிந்தன, ஆனால் அங்கே கணக்கு வேறு. 2019இல் மாவட்டத்துக்கு ஐந்து புதிய பிரிவுகள் வர்த்தமானியில் வந்தன: நோர்வூட், தலவாக்கலை, மதுரட்ட, நில்தண்டாஹின்ன, மேற்குக் கொத்மலை. பார்க்க நியாயமாகத் தெரியும். ஐந்தும் இரண்டிரண்டாயின. ஆனால் இரண்டு இலட்சத்தை இரண்டாக வகுத்தால் ஒரு இலட்சம், ஒரு இலட்சத்தை இரண்டாக வகுத்தால் ஐம்பதாயிரம். முன்பு இருந்த விகிதம் அப்படியே நிற்கிறது. பிரதேச சபையை மூன்றாகப் பிரிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட அரசு, அதே நிலப்பரப்பில் செயலகத்தையும் மூன்றாகப் பிரித்திருக்க வேண்டும். மஸ்கெலியாவில் ஒன்று, அக்கரபத்தனைப் பக்கம் ஒன்று வந்திருந்தால் ஒருவர் எந்தச் சபைக்கு வாக்களிக்கிறாரோ அந்த எல்லையிலேயே அவருடைய அரசாங்கக் காரியமும் முடிந்திருக்கும். அதுமட்டுமல்ல, நோர்வூட், தலவாக்கலை அலுவலகங்கள் தொடக்கத்தில் உப செயலகங்களாகத்தான் இயங்கின. பலகை மாட்டுவது ஒன்று, கணக்காளரும் பதிவாளரும் தேவையான உத்தியோகத்தரும் வந்து உட்காருவது வேறு.

மாநகர சபை கேட்கலாமா?

அட்டனை மாநகர சபையாகத் தரமுயர்த்த வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். நியாயமான ஆசைதான். பக்கத்து பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை மாநகர சபை. அதன் எல்லைக்குள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. அட்டன்-டிக்கோயா அதைவிடப் பெரியது, ஆனாலும் நகர சபை. கொழும்பு மாநகர சபையில் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். சட்டத்தின் பார்வையில் கொழும்பும் பண்டாரவளையும் ஒரே தரம். இதிலிருந்தே தெரியும், தரத்தைத் தீர்மானிப்பது தலைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒரு இடம் அபிவிருத்தியாலும் வசதிகளாலும் நகரத் தன்மை பெற்றுவிட்டது என்று விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் கருதினால், வர்த்தமானி மூலம் நகரமாக்கலாம்.

மாநகர சபையானால் தவிசாளர் இடத்தில் முதல்வர் வருவார், செயலாளர் இடத்தில் ஆணையாளர் வருவார், அனுமதிக்கப்பட்ட ஆளணி கூடும். இது உண்மையான பயன். ஆனால் எல்லை அப்படியே இருந்து பெயர் மட்டும் மாறினால், லயத்தில் இருப்பவருக்கு எதுவும் மாறாது. அவர் அந்த மாநகரத்துக்கு வெளியேதான் இருப்பார். என்னைக் கேட்டால் தரத்தைவிட எல்லைதான் முதலில் பேசப்பட வேண்டியது.

எல்லையை விரிப்பதில் இருக்கிற சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகர எல்லைக்குள் வந்தால் சோலை வரி வரும். லயத்து வீடு அதில் வாழ்கிறவருக்குச் சொந்தமில்லை. சொந்தமில்லாத வீட்டுக்கு யார் வரி கட்டுவது? கம்பனியா, அரச பெருந்தோட்ட நிறுவனமா, மூன்று தலைமுறையாக அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருக்கும் குடும்பமா? கம்பனிகள் இன்று தோட்ட நிலத்துக்குப் பிரதேச சபைக்குக் கொடுப்பதைவிட நகர சபைக்குக் கூடுதலாகக் கொடுக்க முன்வரப்போவதில்லை. சரி, அரசு அந்த இடைவெளியை நிரப்பலாம். நிரப்பத்தான் வேண்டும். ஆனால் வரிப்பட்டியலில் ஒரு பெயரும் வீட்டு இலக்கமும் வேண்டும், அதற்கு முன் ஒரு உறுதிப்பத்திரம் வேண்டும். எல்லாம் கடைசியில் காணி உரிமையில் வந்து முட்டுகிறது.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. 2012இல் நாட்டில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8,39,504 பேர், நூற்றுக்கு 4.1. அட்டன் பக்கத்திலேயே பல குடும்பங்கள் இலங்கைத் தமிழர் என்று பதிகின்றன. பிரசாவுரிமைக்காக இத்தனை காலம் அலைந்தவர்கள் ‘இந்திய’ என்ற அடையாளத்தைத் தவிர்க்க நினைப்பது இயல்பானது. ஆனால் வளப் பங்கீடும் ஆளணியும் இந்த எண்ணைப் பார்த்துப் பேசப்படும்போது, குறைகிற எண் மக்கள் குறைந்ததாகக் காட்டப்படக்கூடும். மாவட்டத்தின் நான்கு தேர்தல் தொகுதிகளில் நுவரெலியா-மஸ்கெலியா ஒன்றில் மட்டும் மாவட்ட வாக்காளரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மக்கள் எங்கும் போய்விடவில்லை.

அதனால் உடனே செய்யக்கூடியவை என்று பார்த்தால், கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை ஆளின் எண்ணிக்கைப்படி மறுபடி பிரிப்பதுதான் முதலாவது. இதற்குக் கம்பனியின் நிலமோ புதுக் கட்டடமோ தேவையில்லை, நிர்வாக முடிவு ஒன்று போதும். இரண்டாவது, நோர்வூட், தலவாக்கலை செயலகங்களுக்கு முழு ஆளணி, அதில் தமிழ் எழுதக்கூடியவர்கள் போதுமான அளவில். நகர எல்லையைப் பொறுத்தவரை எல்லா லயங்களையும் ஒரே நாளில் உள்ளே எடுக்க முடியாது. ஆனால் கடந்த பத்து வருடங்களில் அட்டனைச் சுற்றிய தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் உறுதிப்பத்திரம் கைக்குக் கிடைத்த குடும்பங்களும் இருக்கின்றன. டவுனுக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிற அந்த வீட்டுத்திட்டங்களுக்கு இலக்கமும் தபால் முகவரியும் கொடுத்து, அட்டன்-டிக்கோயா நகர சபை எல்லைக்குள் சேர்க்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.